எந்தச் சாலையில் ஊருக்குப் போவது?

(காக்ஸ் டவுனில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



பொங்கல் நெருங்குகிறது. இன்னும் சில வாரங்களில் இந்தக் காக்ஸ் டவுனிலும், ஜீவனஹள்ளியிலும், லிங்கராஜபுரத்திலும், மாருதி சேவா நகரிலும் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். விடியற்காலை நாலு மணிக்கே சந்துக்குச் சந்து வண்டி கிளப்பும் சத்தம் கேட்கும். டேங்கின் மேல் ஒரு பை, பின்னால் மனைவி, மனைவி மடியில் பிள்ளை, கைப்பிடியில் தொங்கும் பையில் அம்மாவுக்கு எடுத்த சேலை. இந்தக் காட்சியைப் பார்க்காதவர் நம்மில் யாருமில்லை. இப்படிப் பயணம் போகாத குடும்பமும் அநேகமாக இல்லை.

"விலைவாசியைப் பேசாமல், வேலை நிரந்தரத்தைப் பேசாமல், மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று நம் பெரியவர் ஒருவர் போன வாரம் கேட்டார். கேட்டவரே டி.வி.எஸ். எக்ஸெல்லில்தான் வந்து இறங்கினார். அதை அவரிடம் சொன்னோம். சிரித்துவிட்டு, "சரி, பேசுங்கள். ஆனால் என் வண்டியைப் பற்றியும் பேசுங்கள், புல்லட்காரனைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்" என்றார். அவருக்குக் கொடுத்த வாக்கை முதலில் காப்பாற்றிவிடுவோம்.

நம் மூத்த தலைமுறை இந்த ஊருக்கு வந்தது ரயிலில். பெங்களூர் கிழக்கு நிலையத்திலும், கண்டோன்மென்ட் நிலையத்திலும் தகரப் பெட்டியோடு இறங்கியவர்கள் அவர்கள். வட ஆற்காட்டிலிருந்து வந்தார்கள். தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்தார்கள். கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அங்கிருந்தும் வந்தார்கள். அவர்களுக்கு ஊர் என்றால் ரயில் நேரம். ரயிலைத் தவறவிட்டால் சாவு வீட்டுக்குக்கூட மறுநாள்தான் போய்ச் சேர முடியும். இந்த நிலையை மாற்றியதில் பேருந்துக்குப் பங்கு உண்டு. ஆனால் நாம் நினைத்த நேரத்தில் கிளம்ப முடிந்தது வாசலில் ஒரு வண்டி வந்து நின்ற பிறகுதான். அந்நாளில் மைசூரில் செய்த எஸ்டி மேஸ்திரிக்கு, புல்லட் போலீஸ்காரருக்கு. நமக்கு வாய்த்தது, எல்லைக்கு அப்பால் இருக்கும் ஓசூரில் 1980-இல் பிறந்த டி.வி.எஸ். 50. மூட்டை தூக்கியது, தண்ணீர்க் குடம் தூக்கியது, பெண் பார்க்கவும் தூக்கிக்கொண்டு போனது. நம்மில் எத்தனை பேர் தவணை கட்டி முடித்த முதல் பொருள் அந்த வண்டி!

நெருக்கடி வந்தபோது இந்த வண்டியின் அருமை இன்னும் நன்றாகத் தெரிந்தது. 2016 செப்டம்பர் 12-ஆம் நாள் காவிரிப் பிரச்சினையில் இந்நகரத்தில் பேருந்துகள் எரிக்கப்பட்டன. இரு மாநிலங்களுக்கும் இடையே பேருந்து ஓடுவது நின்றுபோனது. அத்திப்பள்ளி எல்லையில் இறங்கி, பிள்ளை குட்டிகளோடு மக்கள் ஓசூருக்குள் நடந்து போனார்கள். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது ரயிலும் இல்லை, பேருந்தும் இல்லை. இரு முறையும், அவசரம் வந்தவர்கள் நம்பியது இரண்டு சக்கரங்களைத்தான். பெரிய சாலையில் தடுப்பு இருந்தால் சின்னச் சாலை எது என்று கேட்டுக் கேட்டுப் போனார்கள். வண்டியில் எழுதியிருப்பது கே.ஏ. என்று. கிருஷ்ணகிரியில் நிறுத்தினால் கர்நாடகா வண்டி. இங்கே திரும்பி வந்தால் தமிழர் வண்டி. அது கிடக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2023 மார்ச் 12-ஆம் நாள் பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலை திறந்து வைக்கப்பட்டது. சுமார் 118 கிலோமீட்டர். நடுவே ஆறு தடம். இருபுறமும் இரண்டிரண்டு தடத்தில் சேவைச் சாலை. மைசூரிலும் மாண்டியாவிலும் பெண் கொடுத்தவர்கள், சாம்ராஜ்நகர் வழியாக ஈரோட்டுக்கும் கோவைக்கும் போகிறவர்கள், கட்டட வேலைக்குச் சாமான் கட்டிக்கொண்டு போகிறவர்கள் என்று நம்மவர் பலருக்கும் அது வழி. சில மாதங்கள் நடுச் சாலையில் ஓடினோம். பிறகு 2023 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட் 1 முதல் நடுச் சாலையில் மோட்டார் சைக்கிள் வரக்கூடாது, ஸ்கூட்டர் வரக்கூடாது, ஆட்டோ வரக்கூடாது, டிராக்டர் வரக்கூடாது, மோட்டார் இல்லாத வண்டிகளும் வரக்கூடாது. மீறினால் 500 ரூபாய் அபராதம்.

இந்தப் பட்டியலை ஒருமுறை மனத்துக்குள் படித்துப் பாருங்கள். யாருடைய வண்டிகள் இவை? பூ விற்பவருடையது. பெயின்டருடையது. உழவருடையது. ஆட்டோ ஓட்டும் தோழருடையது. கார் வைத்திருப்பவர்களில் ஒருவரும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவேதான் அறிவிப்பு வந்த வாரம் நம் தெருக்களில் கோபம் கிளம்பியது. "நம் நிலத்தில் போட்ட சாலை, நம் ஆட்கள் கல் சுமந்த சாலை, நமக்கே இல்லையா?" என்று கேட்டார்கள். கோபத்துக்கு நியாயம் உண்டு. நாம் வாங்கும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் சாலைக்கென்று வரி கட்டுகிறோம். மத்திய அரசின் பெட்ரோலியத் திட்டப் பிரிவுக்காக நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் விற்கும் பெட்ரோலில் சுமார் 61 சதவிகிதத்தை இரு சக்கர வண்டிகளே குடிக்கின்றன என்றது. சுங்கச் சாவடியில் நம்மிடம் காசு வாங்குவதில்லை என்பது உண்மை. 2025 ஜூனில், இனி இரு சக்கர வண்டிக்கும் சுங்கம் என்று ஒரு புரளி கிளம்பி, அமைச்சர் கட்கரியே அது பொய் என்று சொல்ல வேண்டியிருந்தது. சாவடியில் வாங்கவில்லை, பங்க்கில் வாங்கிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

மைசூர் சாலை மட்டுமல்ல. பம்பாய்–பூனா விரைவுச் சாலையில் இரு சக்கர வண்டிக்கு இடமில்லை. அவர்கள் பழைய சாலையில்தான் கண்டாலா மலை ஏற வேண்டும். ஆனால் டில்லிக்கும் ஆக்ராவுக்கும் இடையே யமுனை விரைவுச் சாலையில் சுங்கம் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். இங்கே நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இன்னொன்று. ஹொசக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை போகும் சென்னை விரைவுச் சாலையில் கர்நாடகப் பகுதி சுமார் 71 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் வண்டிகள் ஓடத் தொடங்கின. அதுவும் கார், லாரி, பேருந்துக்கென்று போட்ட சாலை. நம் இளைஞர்கள் சிலர் அதில் ஏறிப் படம் பிடித்துக்கொண்டு வந்ததை அறிவோம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

இந்தக் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேடை ஏறிவிட வேண்டாம் என்று, சென்ற சில வாரங்களாக வீடு வீடாகப் போய்ப் பேசினோம். இது கணக்கெடுப்பு அல்ல. திண்ணையில் உட்கார்ந்து, "பெரிய சாலையில் போகும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது? சின்னச் சாலையில் எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம். கேட்டதில் நாம் எதிர்பாராதது பல இருந்தது.

வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்யும் தம்பி ஒருவர் சொன்னார்: "நாள் முழுக்க கிளட்ச் பிடிச்சு விரல் மடங்கியே கிடக்குது. வீலர் ரோட்டுல இருந்து டின் பேக்டரி போறதுக்குள்ள நூறு தடவை பிரேக். ஓசூர் தாண்டி மேல் கியர்ல ஒரு மணி நேரம் விட்டாதான் கை நீளுது. அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட முடியாது." இதைப் பொறுப்பற்ற வேகம் என்று சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. ஆண்டு முழுவதும் பிறர் கடிகாரத்துக்கு ஓடுகிறவன் ஒரு மணி நேரம் தன் கடிகாரத்துக்கு ஓட ஆசைப்படுகிறான்.

பெயின்ட் வேலை செய்யும் தோழர் வேறு மாதிரி சொன்னார்: "பெரிய ரோட்டுல போனா சீக்கிரம் போயிடுறேன். ஆனா இறங்கினா ரெண்டு காதும் ஊளைவிடுது. அம்மா பேசுறது அரை மணி நேரம் காதுல விழமாட்டேங்குது." இன்னொருவர், சாலை ஒரே நேராக இருப்பதால் சூளகிரி தாண்டியதும் கண்ணைச் சொக்குகிறது என்றார். வளைவும் இல்லை, மரமும் இல்லை, மனித முகமும் இல்லை. தூங்காமல் இருக்க உரக்கப் பாடிக்கொண்டே போவாராம்.

கார்மென்ட்சில் வேலை செய்யும் தங்கை ஒருவர் சொன்னதுதான் இந்தக் கூட்டத்தையே வைக்கச் சொன்னது. "அவர் ஓட்டுறாரு, அவருக்கு ரோடு தெரியுது. எனக்குப் பின்னால உட்கார்ந்து என்ன தெரியும்? லாரிச் சத்தம் முதுகுல கேக்கும். பிள்ளையை இறுக்கிக்குவேன். பிள்ளை அழும். பழைய ரோட்டுல போனா பிள்ளைக்கு மாடு காட்டிக்கிட்டே போவேன்" என்றார். ஓட்டுகிறவர்களின் உணர்ச்சியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவரை யார் கேட்டார்கள்? நாமும் இதுவரை கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தத் தங்கையின் பயம் வெறும் பயமல்ல. லாரி நம்மைக் கடக்கும்போது என்ன நடக்கிறது? அதன் முகப்பு காற்றை விலக்கித் தள்ளுகிறது. முதலில் அந்தக் காற்று நம்மை ஓரத்துக்குத் தள்ளும். லாரியின் நடுப்பகுதி பக்கத்தில் வரும்போது காற்று உள்ளே இழுக்கும். வால்பகுதி போனதும் சுழல் அடிக்கும். எக்ஸெல் வண்டியின் எடை தொண்ணூறு கிலோவுக்கு உட்பட்டது. பக்கத்தில் போவது நாற்பது டன்னுக்கு மேல் ஏற்றிய பல அச்சு லாரி. பெரியவர் வண்டி நாற்பத்தைந்து கிலோமீட்டரில் போகிறது. பின்னால் கார் நூறில் வருகிறது. இடைவெளி நூறு மீட்டர் என்றால், அது ஆறரை விநாடியில் தீர்ந்துபோகும். கார்க்காரர் அலைபேசியைக் குனிந்து பார்த்து நிமிர அந்த நேரம் போதும்.

ஆகவே, வேக வேறுபாடுதான் ஆளைக் கொல்கிறது என்று அதிகாரிகள் சொல்வதை நாம் மறுக்கவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். அந்த ஓராண்டில் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். தேசிய நெடுஞ்சாலை நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். சாவில் அதன் பங்கு நூற்றுக்கு முப்பத்தாறு. தலைக்கவசம் இல்லாமல் இறந்தவர் ஐம்பதாயிரம் பேர். இதில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். எண்களைப் படிக்கும்போது நமக்குத் தொப்பூர்க் கணவாய் நினைவுக்கு வருகிறது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிக்கு முன்னால் சிக்கியவர்களில் நம் பக்கத்துக் குடும்பங்களும் உண்டு. பெயர் சொல்ல வேண்டாம். அந்த வீட்டார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

அப்படியானால் தடை சரிதானே, போய்விடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் நம் வழக்கு தொடங்குகிறது.

சட்டமே ஒன்று சொல்கிறது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதி, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இரு சக்கர வண்டியில் ஏற்றினால் குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும், வண்டி மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நல்ல விதி. வரவேற்கிறோம். (பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதும் சட்டம்தான். அதை நாம் எப்படிக் காக்கிறோம் என்பது நமக்கே தெரியும்; மனைவியையும் பிள்ளையையும் சேர்த்து ஏற்றுகிறவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும்.) கேள்வி இதுதான்: நாற்பதில் போ என்கிற குடும்பத்துக்கு எந்தச் சாலை? கிருஷ்ணகிரிச் சாலையில் கார் நூறில் போகலாம் என்று 2018 முதல் விதி இருக்கிறது. அதே சாலையில், அதே தடத்தில், நாற்பதில் குழந்தையோடு போகச் சொன்னால் அது பாதுகாப்பா? மைசூர்ச் சாலையில் நம்மை இறக்கிவிட்டார்கள், சரி. இறக்கிவிட்ட சேவைச் சாலை எப்படி இருந்தது? தண்டவாளம் வந்தால் அறுந்தது. பாலம் வந்தால் அறுந்தது. அறுந்த இடத்தில் வண்டியைத் தூக்கிக்கொண்டா போவது? மழை வந்தால் தாழ்வான இடமெல்லாம் குளம். 2022 ஆகஸ்ட் மழையில் ராமநகரம் பக்கம் பெரிய சாலையே மூழ்கியது என்றால் ஓரச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்திசையில் வரும் டிராக்டர், சாலையில் நிறுத்திய லாரி, விளக்கில்லாத இரவு. பாதுகாப்புக்காக நம்மை வெளியேற்றினார்கள் என்றால், வெளியேற்றிய இடமும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் அல்லவா?

திருப்பம் இல்லாத கொடுமையையும் சொல்ல வேண்டும். ஊர் சாலைக்கு இந்தப் பக்கம், திரும்பும் இடம் பல கிலோமீட்டர் தள்ளி. ஆகவே ஓரமாக எதிர்த்திசையில் ஓட்டுகிறார்கள். செய்வது தவறு. ஆனால் ஊருக்கும் வயலுக்கும் நடுவே மதில்போல ஒரு சாலையை எழுப்பிவிட்டு, கடக்க வழி வைக்காதவர்களுக்கு அதில் பங்கு இல்லையா?

நாம் கேட்பது வானத்து நிலா அல்ல. நம் இனத்தவர் வாழும் மலேசியாவில் இது நடந்திருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போகும் பெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித் தடம் போட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் முதல் பகுதி. 1990-களில் அதை நீட்டினார்கள். நீட்டிய பிறகு அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்ததில் மோட்டார் சைக்கிள் விபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. தோட்டத்தை விட்டு ஆலை வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் அந்தத் தடத்தில் போய் வருகிறார்கள். தடத்தில் குறை இல்லாமல் இல்லை. மழைக்கு ஒதுங்கப் பாலத்தடியில் கூட்டம் நிற்கும், சுரங்க வழிகளில் வழிப்பறி பயம் உண்டு. ஆனால் அந்நாட்டு அரசு ஒரு விஷயத்தை ஏற்றுக்கொண்டது: மோட்டார் சைக்கிளில் போகிறவனும் போக்குவரத்துதான். அவனை ஒதுக்கினால் போதாது, அவனுக்கு வழி வைக்க வேண்டும்.

சின்னச் சாலையைப் பற்றியும் நேர்மையாகப் பேசிவிடுவோம். அதைச் சொர்க்கம் என்று வர்ணிப்பவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதில் போகிறவர்கள். தை மாதத்தில் கோலார் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கொள்ளும் கேழ்வரகும் தாளோடு சாலையில் பரப்பிக் கிடக்கும். போகிற வண்டிகளின் சக்கரமே கதிர் அடித்துக் கொடுத்துவிடும். விவசாயிக்குக் களம் இல்லை, என்ன செய்வார்? ஆனால் அதன்மேல் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். வெள்ளை அடிக்காத வேகத்தடை, தெரு நாய், விளக்கில்லாத மாட்டு வண்டி, பள்ளத்தை மறைத்து நிற்கும் தண்ணீர், எல்லாம் அங்கே உண்டு. நாட்டில் சாலைச் சாவில் பெரும்பகுதி தேசிய நெடுஞ்சாலைக்கு வெளியேதான் நடக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இவ்வளவும் தெரிந்தும் நம்மவரில் பலர், ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஆனாலும் பழைய வழியில் போகிறோம் என்கிறார்கள். ஏன்? கேட்டுப் பார்த்தோம். தங்கவயல் வழியாகப் போய், பேத்தமங்கலம், வி.கோட்டா தாண்டி, பத்தலப்பல்லி மலை வளைவுகளில் இறங்கிப் பேரணாம்பட்டு சேர்கிற பாதை இருக்கிறதே, அதில் போன தோழர் ஒருவர் சொன்னார்: "அந்த வளைவுல இறங்கும்போது நம்ம ஊர் வெக்கை முகத்துல அடிக்கும். பெங்களூர்க் குளிரு அங்கேயே முடிஞ்சிடும். வீட்டுக்கு வந்துட்டோம்னு உடம்புக்குத் தெரியும்." பெரிய சாலையில் ஊர் வருவதில்லை, ஊரின் பெயர் எழுதிய பச்சைப் பலகை வருகிறது. சின்னச் சாலையில் கன்னடம் தெலுங்காகிறது, தெலுங்கு தமிழாகிறது. டீக்கடையில் நிறுத்தினால் "எந்த ஊருப்பா?" என்று ஒரு கேள்வி வருகிறது. பெரிய சாலை ஓட்டலில் அந்தக் கேள்வி இல்லை. அங்கே ஒரு காபிக்குக் கொடுக்கும் காசில் இங்கே இரண்டு பேர் டிபன் சாப்பிடலாம் என்பதும் ஒரு காரணம். அதைச் சொல்ல வெட்கம் எதற்கு?

ஆனால் இந்தச் சின்னச் சாலைகளும் நிலைத்து நிற்கவில்லை. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரி போகிற பழைய வழி நினைவிருக்கிறதா? தக்காளி ஏற்றிய வேன்களுக்குப் பின்னால் மெதுவாகப் போவோமே, அதுதான். இன்று அது 844-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, நான்கு வழிச்சாலையாகிறது. நேரம் மிச்சமாகும். விளைபொருள் சீக்கிரம் சந்தைக்குப் போகும். நாம் அதை எதிர்க்கவில்லை. எல்லாச் சாலையும் பெரிய சாலையானால் நாற்பதில் போகிற குடும்பத்தை எங்கே வைப்பீர்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

இளந்தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தடை போட்ட விரைவுச் சாலையில் ஏறிப் படம் எடுப்பது போராட்டம் அல்ல. அங்கே வண்டிகள் நூற்றிருபதில் வரலாம் என்று எண்ணிப் போட்ட வளைவுகள் அவை. உங்களுக்கு ஏதாவது ஆனால், "பார்த்தீர்களா, இதனால்தான் தடை" என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பு; உங்கள் வீட்டுக்கு இழவு. உங்கள் கை நீள ஒரு மணி நேரம் வேண்டும் என்பதை நாம் மதிக்கிறோம். அதை ஓசூர்ச் சாலையில், எண்பதுக்குள், பகல் வெளிச்சத்தில், தனியாகப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆள் இருந்தால் வண்டி உங்களுடையது மட்டும் அல்ல. தலைக்கவசம் இரண்டு வேண்டும். பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம் என்று கர்நாடகத்தில் 2016 ஜனவரியிலேயே சட்டமாகிவிட்டது. எல்லை தாண்டியதும் மனைவி கழற்றி மடியில் வைத்துக்கொள்வதைப் பார்க்கிறோம். தமிழ்நாட்டுத் தார் மெத்தை அல்ல.

மேசையில் மனு இருக்கிறது. தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருக்கிறோம். ஆட்டோ ஓட்டும் கன்னடத் தோழர்களும் நம்மோடு கையெழுத்திடுகிறார்கள்; அவர்களும் அதே பட்டியலில் வெளியேற்றப்பட்டவர்கள்தானே. கோரிக்கை நாலு. மைசூர்ச் சாலையில் சேவைச் சாலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, பாலத்திலும் தண்டவாளத்திலும் அறுபடாமல் இருக்க வேண்டும். விளக்கு வேண்டும், மழை நீர் வடிய வழி வேண்டும். ஊர் உள்ள இடங்களில் வண்டியும் ஆளும் கடக்கச் சுரங்க வழி வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரிச் சாலையில் இரு சக்கர வண்டிக்குக் கோடு போட்டுப் பிரித்த தனித் தடம் வேண்டும். இரண்டு மாநிலங்களின் நெடுஞ்சாலை அலுவலகங்களுக்கும், நம் சட்டமன்ற உறுப்பினருக்கும் இது போகும். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கள் கைரேகை வைக்கலாம். மை வாங்கி வைத்திருக்கிறோம். இதுவரை மனுக்களில் வண்டி ஓட்டுகிற ஆண்களே கையெழுத்துப் போட்டார்கள். இம்முறை பின்னால் உட்கார்ந்து போகிறவர்களின் பக்கம் தனியாக இருக்கிறது. அதை முதலில் நிரப்புங்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. போகிக்கு முதல் நாள், தங்கவயல், பேரணாம்பட்டு வழியாக ஆம்பூர் பக்கம் போகிற குடும்பங்கள் ஒன்றாகப் புறப்படுகிறோம். விடியற்காலை நாலரைக்கு அல்ல, ஆறு மணிக்கு, பனி விலகட்டும். கூடும் இடம் வீலர் ரோடு. எக்ஸெல் வண்டிகள் முன்னால் போகும், புல்லட்டுகள் கடைசியில் வரும். பெரியவர் முதல் வண்டியில். அவர் போகிற வேகம்தான் எல்லோருக்கும் வேகம். பத்தலப்பல்லி மலையை இருட்டுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும், அங்கே யானை நடமாட்டம் உண்டு. பேரணாம்பட்டில் நின்று டீ குடித்துவிட்டு, குடியாத்தம் போகிறவர்கள் அந்தப் பக்கமும், ஆம்பூர், வாணியம்பாடி போகிறவர்கள் இந்தப் பக்கமும் பிரிவோம். பெயர் கொடுப்பவர்கள் வண்டி எண்ணையும், பிள்ளைகளின் வயதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.